சிக்கோனி யூத்: ஒரே ஆல்பத்தோடு முடிந்த ஒரு பங்க் கூட்டணி

சிக்கோனி யூத் என்ற பெயரில் 1988-இல் வெளிவந்த 'தி ஒயிட்டி ஆல்பம்' வெறும் விளையாட்டா, பொறுமையாக உட்கார்ந்து கேட்கத் தகுந்த இசைத்தட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பாப் பாடகி மடோனாவைக் கிண்டல் செய்யச் சில பங்க் (முரட்டுத்தனமான, மெருகற்ற ராக் வகை) இசைக்கலைஞர்கள் கூடிச் செய்த குறும்பு என்றே பல இடங்களில் படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆல்பத்தில் குறும்பு நிறையவே உண்டு. ஆனால் அது தொடங்கிய இடம் ஒரு மரணம். நண்பனைப் பறிகொடுத்துவிட்டு இசையையே கைவிட்டிருந்த ஒருவரை மறுபடியும் கருவியைத் தொடவைத்த நாட்களில் முளைத்த முயற்சி இது. அந்தப் பின்னணியை அறிந்துகொண்டு கேட்டால், கேலி என்று தோன்றிய பல இடங்கள் பிரியமாகவும் ஆர்வமாகவும் கேட்கத் தொடங்குகின்றன என்பது என் அனுபவம்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். குழுவின் அடித்தளம் நியூயார்க்கின் ராக் குழுவான சோனிக் யூத்: தர்ஸ்டன் மூர், கிம் கோர்டன், லீ ரெனால்டோ, ஸ்டீவ் ஷெல்லி. அவர்களோடு இணைந்தவர் கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகப் பகுதியைச் சேர்ந்த மைக் வாட். மினிட்மென் என்ற மூவர் குழுவின் பேஸ் கிதார் கலைஞர். பிளாக் ஃபிளாக் குழுவை நிறுவிய கிரெக் கின் ஒரு பாடலிலும், டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் இன்னொன்றிலும் கிதார் வாசித்திருக்கிறார்கள். இவர்கள் நான்கு வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்றாலும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் அல்லர். கிரெக் கின் நடத்திய எஸ்எஸ்டி நிறுவனம்தான் எண்பதுகளில் இந்த நான்கு குழுக்களின் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. சூப்பர் குரூப் என்றால் பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துவைக்கும் நட்சத்திரக் கூட்டம் என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. இங்கே சேர்ந்தவர்கள், ஊர் ஊராகப் போகும்போது ஒருவர் வீட்டுத் தரையில் ஒருவர் படுத்துத் தூங்கிப் பழகியவர்கள்.

மைக் வாட்டின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. மினிட்மென் குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான டி. பூன் அவருடைய பால்ய நண்பர். சான் பெட்ரோவின் பெக் பூங்காவில், பதின்மூன்று வயதில், ஒரு மரத்திலிருந்து பூன் தன் மேல் குதித்ததுதான் தங்கள் முதல் சந்திப்பு என்று வாட் பல முறை சொல்லியிருக்கிறார். இருவரும் தெருவில் திரிந்து வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பூனின் தாயார்தான் அவர்களை வாத்தியம் வாசிக்கச் சொன்னவர்; மகன் கிதார் வாசிக்க, வாட் பேஸ் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. அப்படித் தொடங்கிய இருவரும், டிரம்மர் ஜார்ஜ் ஹர்லியும் சேர்ந்து 1984-இல் கொண்டுவந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' என்ற இரட்டை ஆல்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. அமெரிக்க பங்க் இசையில் அதற்கு ஈடான ஆல்பங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1985 டிசம்பரில் ஆர்.இ.எம். குழுவோடு ஒரு சுற்றுப்பயணத்தை முடித்த சில நாட்களில், டிசம்பர் 22 அன்று, அரிசோனா பாலைவனச் சாலையில் நடந்த வேன் விபத்தில் பூன் இறந்துபோனார். அவருக்கு வயது 27.

வாட் அதன்பிறகு பேஸ் கிதாரைத் தொடவில்லை. அவருக்கு இசை என்பதே பூனோடு சேர்ந்து செய்யும் காரியமாகத்தான் இருந்தது. பூன் இல்லாதபோது அதில் செய்ய ஒன்றும் மிஞ்சியிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. 1986-இன் தொடக்கத்தில் அவர் நியூயார்க் வந்து தர்ஸ்டன் மூர், கிம் கோர்டன் தம்பதியின் வீட்டில் தங்கினார். அப்போது சோனிக் யூத், புரூக்ளினில் மார்ட்டின் பிசியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஈவால்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அவர்கள் வாட்டை அங்கே அழைத்துப்போய் வாசிக்கவைத்தார்கள். அவர் பேஸ் வாசித்த பாடல்களில் ஒன்று 'இன் தி கிங்டம் #19'. அது ஒரு கார் விபத்தைப் பற்றிய உரைநடைக் கவிதை. லீ ரெனால்டோ பேசுகிறார், பின்னால் கருவிகள் உறுமுகின்றன. நண்பனைச் சாலை விபத்தில் இழந்து மூன்று நான்கு மாதங்களே ஆன ஒருவர், இந்தப் பாடலுக்கு அடிநாதமாக நின்று வாசித்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு அதை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அந்த நாட்களில் சோனிக் யூத் காட்டிய நம்பிக்கைதான் தன்னை மறுபடி இசைக்குள் கொண்டுவந்தது என்று வாட் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நன்றியோடு கூறியிருக்கிறார். அதே ஆண்டில் ஒஹையோவிலிருந்து தேடிவந்த எட் கிராஃபோர்ட் என்ற ரசிகரோடு சேர்ந்து ஃபயர்ஹோஸ் என்ற புதிய குழுவையும் அவர் தொடங்கினார்.

சிக்கோனி யூத் பிறந்தது இந்த இடைவெளியில்தான். மடோனாவின் முழுப்பெயர் மடோனா லூயிஸ் சிக்கோனி. அந்தக் குடும்பப் பெயரையும் சோனிக் யூத்தையும் ஒட்டிச் செய்த பெயர் இது. மடோனாவின் பாடல்கள் இரண்டைத் தாங்கள் பாடி ஒரு சிறு இசைத்தட்டாகப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு பக்கத்திற்கு சோனிக் யூத் 'இன்டூ தி குரூவ்' பாடலை எடுத்துக்கொண்டது. மறுபக்கத்திற்கு வாட் 'பர்னிங் அப்' பாடலைத் தன்னந்தனியாகப் பாடிக் கொடுத்தார். அவருடைய அந்த மாதிரிப் பதிவின் மேல் கிரெக் கின் கிதார் சேர்த்தார். பூனும் வாட்டும் இன்னொரு நண்பரும் சேர்ந்து 1980-இல் தொடங்கியிருந்த நியூ அலையன்ஸ் என்ற சிறு நிறுவனம் 1986-இல் இந்தத் தட்டை வெளியிட்டது. பூன் உருவாக்கிய நிறுவனத்தின் முத்திரையோடு, பூன் இல்லாமல் வாட் பாடிய பாடல் வந்தது என்பதைக் கேலிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த 'பர்னிங் அப்' பதிவில் மெருகு என்று எதுவுமே கிடையாது. தாளப்பெட்டி (டிரம் மெஷின்) சீராகத் தட்டிக்கொண்டே போகிறது. வாட் தன் கரகரத்த குரலில், சுருதி பற்றிப் பெரிதாகக் கவலைப்படாமல், ஆனால் ஒரு வரியையும் நக்கலாக நீட்டாமல் பாடுகிறார். காதலுக்காக எரிகிறேன் என்று சொல்லும் மிக எளிய பாப் பாடல் அது. அதை ஒரு துறைமுக நகரத்துத் தொழிலாளியின் குரலில் கேட்கும்போது வரிகள் வேறுவிதமாக ஒலிக்கின்றன. மினிட்மென் குழுவுக்குப் பிறர் பாடல்களைப் பாடுவதில் ஒரு மரபு இருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 'டபுள் நிக்கல்ஸ்' ஆல்பத்திலேயே ஸ்டீலி டான், வான் ஹாலன், கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் ஆகியோரின் பாடல்கள் இருக்கின்றன. வானொலியில் கேட்டு வளர்ந்த பாடல்களை மறைத்துவைத்துவிட்டுப் பங்க் வேடம் போட அவர்களுக்கு என்றுமே விருப்பம் இருந்ததில்லை.

'இன்டூ தி குரூவி' என்று பெயர் மாற்றம் பெற்ற முதல் பக்கம் வேறு வகையானது. மூலப்பாடலின் துள்ளலை நீக்கி, வேகத்தைக் குறைத்து, கனத்த இயந்திரத் தாளத்தின் மேல் கிதார்களை இரைச்சலாகப் படரவிட்டிருக்கிறார்கள். தர்ஸ்டன் மூர் அடிக்குரலில், ஏறக்குறையப் பேசுவதுபோல, பாடுகிறார். திடீரென்று அந்த இரைச்சலுக்கு நடுவே மடோனாவின் சொந்தக் குரலே எழுந்து வந்து, சில வரிகள் ஒலித்து, மறுபடி அமுங்கிவிடுகிறது. மூலப்பதிவையே பின்னால் ஓடவிட்டு, சில இடங்களில் மட்டும் அதன் ஒலியைக் கூட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்போது மட்டும் அங்கே ஓடும் வானொலி நமக்குக் கேட்பதுபோல இருக்கும். இரண்டு குரல்களும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை என்பதுதான் வியப்பு. மடோனாவின் குரல் வரும் அந்த விநாடிகளில் பாடல் சட்டென்று வெளிச்சம் பெறுகிறது. கேலி செய்ய நினைப்பவர்கள் தங்கள் பாடலின் மிக அழகான தருணத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மடோனா அவர்களுக்குத் தொலைவில் இருந்த நட்சத்திரமும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கீழ் மன்ஹாட்டனில் டிஸ்கோ, பங்க், ராப், பங்க்கின் சோதனைக் கிளையான நோ வேவ் எல்லாமே சில தெருக்களுக்குள் அடங்கியிருந்தன. புகழ் வருவதற்கு முன் மடோனா அங்கே ராக் குழுக்களில் டிரம்ஸும் கிதாரும் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-இல் அவர் தன் முதல் பாடலை மேடையேற்றிய டான்ஸ்டீரியா கிளப், நியூயார்க்கின் பங்க் கலைஞர்களும் புழங்கிய இடம். 'இன்டூ தி குரூவ்' பாடலைப் பரவச்செய்த 1985-ஆம் ஆண்டுத் திரைப்படமான 'டெஸ்பரேட்லி சீக்கிங் சூசன்' படத்தில் நியூயார்க் பங்க்கின் மூலவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஹெல் ஒரு சிறு வேடத்தில் வருகிறார். மடோனா மீது சோனிக் யூத்துக்கு இருந்த ஈர்ப்பு ஒரே ஒரு தட்டோடு நின்றதுமில்லை: 'ஈவால்' ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்கு உறையில் அவர்கள் போட்ட பெயர் 'மடோனா, ஷான் அண்ட் மீ'. தங்களோடு ஒரே தெருவில் நடந்த ஒரு பெண் உலகப் புகழ் பெற்றுவிட்டாள் என்ற வியப்பு, கொஞ்சம் பெருமிதம், எங்கேயாவது ஒரு மூலையில் பொறாமைகூட அதில் இருந்திருக்கலாம். அலட்சியம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி ஆல்பத்திற்கு வருகிறேன். முதல் தட்டு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1988-இல் பிரிட்டனின் பிளாஸ்ட் ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் வழியாக 'தி ஒயிட்டி ஆல்பம்' வந்தது. பீட்டில்ஸ் குழுவின் 'வெள்ளை ஆல்பம்' என்று அழைக்கப்படும் இசைத்தட்டை முழுதாகத் திருப்பிப் பாடப்போவதாகச் சோனிக் யூத் சொல்லித் திரிந்த பேச்சின் எச்சம்தான் அந்தத் தலைப்பு. உறையில் மடோனாவின் முகம், நகலெடுத்து நகலெடுத்துக் கறுப்பு வெள்ளையில் சிதைந்ததுபோல, உறை முழுவதையும் அடைத்திருக்கிறது. பதிவு செய்தவர் வார்ட்டன் டயர்ஸ். தான் பராமரிப்பாளராக வேலை பார்த்த கட்டடத்தின் அடித்தளத்திலேயே கூடம் வைத்திருந்தவர் அவர். சோனிக் யூத்தின் 1983 ஆல்பமான 'கன்ஃப்யூஷன் இஸ் செக்ஸ்' அங்கேதான் உருவானது.

இந்த ஆல்பம் செய்யப்பட்ட முறைதான் அதன் உண்மையான முக்கியத்துவம் என்று நான் கருதுகிறேன். சோனிக் யூத்தின் வழக்கமான பாடல்கள் கிதாரிலிருந்து பிறப்பவை. தந்திகளை விநோதமான சுருதிகளுக்கு மாற்றிவைத்து, மணிக்கணக்காகச் சேர்ந்து வாசித்து, அந்த ஒலியிலிருந்து பாடலைக் கண்டெடுப்பார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். கூடத்திற்குள் பாடல் எதுவும் இல்லாமல் நுழைந்து, முதலில் தாளப்பெட்டியில் ஒரு சுழற்சியைப் போட்டு, அதன் மேல் அகப்பட்டதையெல்லாம் அடுக்கினார்கள்: பிற தட்டுகளிலிருந்து எடுத்த துணுக்குகள், கிதார் கீறல்கள், பேச்சு. அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் பயன்படுத்திய முறை அதுதான். முதல் பாடலான 'நீடில்-கன்' அந்தப் பாதிப்பை மறைக்கவே முயல்வதில்லை. 'மேக்கிங் தி நேச்சர் சீன்' இன்னும் தெளிவான சான்று: 1983 ஆல்பத்தில் முரட்டுத்தனமான பேஸ், டிரம்ஸோடு இருந்த தங்கள் சொந்தப் பாடலையே எடுத்து, தாளப்பெட்டியின் மேல் கிம் கோர்டன் ராப் பாணியில் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஐந்து ஆண்டுகளில் அவர்கள் காதில் என்னென்ன விழுந்திருக்கிறது என்பது புரியும்.

ஆல்பத்தின் உச்சம், என் கணிப்பில், 'அடிக்டட் டு லவ்'. ராபர்ட் பாமரின் அந்தப் பாடல் 1986-இல் பெரும் வெற்றி பெற்றது. ஒரே மாதிரி ஒப்பனை, ஒரே மாதிரி கறுப்பு உடையில் ஐந்து அழகிகள் உணர்ச்சியற்ற முகத்தோடு வாத்தியம் வாசிப்பதுபோல நிற்க, நடுவில் சட்டையும் டையும் அணிந்து பாமர் பாடும் அதன் வீடியோ, இசைத் தொலைக்காட்சியான எம்டிவியில் ஓயாமல் ஓடியது. கிம் கோர்டன் அந்தப் பாடலைப் பாடுவதற்குக் குழுவை அழைத்துப்போகவில்லை. பொதுமக்கள் காசு கொடுத்துத் தங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளும் ஒரு கரோக்கே கூடத்திற்குப் போய், அங்கே கிடைத்த ஆயத்தப் பின்னணி இசையோடு பாடிவிட்டு வந்தார். அந்தப் பதிவு அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. வீடியோவும் இதே சிக்கன வழியில் எடுத்ததுதான்: பின்னால் காட்டுப் போர்க் காட்சிகள் ஓட, முன்னால் அவர் தனியாக ஆடுகிறார்.

கேட்கும்போது கவனியுங்கள்: பின்னணி இசை மலிவானது, பளபளப்பானது, எந்த உணர்வும் அற்றது. அதன் மேல் கோர்டனின் குரல் தட்டையாக, சுருதியிலிருந்து கொஞ்சம் நழுவி, அவசரமில்லாமல் நடக்கிறது. மூலப்பாடலில் ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பார்த்து, நீ காதலுக்கு அடிமை, ஒப்புக்கொண்டுவிடு என்கிறான். அந்த வீடியோவில் பேச வாயில்லாமல் நின்ற பெண்களில் ஒருத்தி முன்னால் வந்து, அதே வரிகளைத் திருப்பிச் சொன்னால் எப்படியிருக்கும்? கோர்டன் பாடலில் ஒரு சொல்லையும் மாற்றிக் கண்டனம் எழுதவில்லை. பாடும் ஆள் மாறியதே போதுமானதாக இருக்கிறது. பெண்கள் ராக் இசையில் எங்கே நிற்கவைக்கப்படுகிறார்கள் என்பது பற்றிப் பின்னாளில் அவர் எழுதியும் பாடியும் வந்தவற்றின் விதை இங்கே இருக்கிறது என்றே சொல்வேன்.

மற்றப் பாடல்களை இவ்வளவு நேரம் நிறுத்திப் பேசத் தேவையில்லை. 'மேக்பெத்' கனமான தாளத்தில் கிதார்கள் மோதும் நல்ல வாத்திய இசை. 'டூ கூல் ராக் சிக்ஸ் லிஸனிங் டு நோய்' என்ற துண்டில் இரண்டு பெண்கள் சாவகாசமாக உரையாடிக்கொண்டிருக்க, ஜெர்மானியக் குழுவான நோய்யின் இசைத்தட்டு பின்னால் ஓடுகிறது. அங்கேதான் மாஸ்கிஸின் கிதார் வருகிறது. இரண்டாவது தடமாக ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான மௌனத்தை வைத்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஜான் கேஜின் புகழ்பெற்ற மௌனப் படைப்புக்கு அது ஒரு சிறு வணக்கம். 'மோபி-டிக்', 'ஹாய்! எவ்ரிபடி', 'டஃப் டிட்டி ராப்' போன்ற துண்டுகள் வந்த வேகத்தில் போய்விடுகின்றன. அவற்றில் பெரிய பொருளைத் தேட வேண்டாம். ஆல்பம் சீரற்றது என்று குறைகூறியவர்கள் இவற்றை வைத்துத்தான் சொன்னார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஒரு பட்டறைக்குள் போனால் முடித்துவைத்த பொருட்களோடு பாதியில் விட்டவையும் இருக்கத்தானே செய்யும்.

இன்று இப்படி ஓர் ஆல்பத்தைச் செய்வது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் அனுமதியின்றிப் பிறர் பதிவிலிருந்து துணுக்கு எடுத்ததற்கு எதிராக நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் நிறுவனங்கள் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே அனுமதியும் பணமும் கேட்கத் தொடங்கின. மடோனாவின் மூலப்பதிவையே பின்னால் ஓடவிட்டு ஒரு சிறு நிறுவனம் தட்டுப் போடக்கூடிய காலம் அத்தோடு முடிந்தது. சிக்கோனி யூத்தின் வாழ்நாள் அந்தக் குறுகிய சுதந்திரத்திற்குள் சரியாக அடங்குகிறது.

குழு ஏன் நீடிக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். சண்டையோ பிரிவோ ஒன்றுமில்லை. அது நீடிப்பதற்காகத் தொடங்கப்படவே இல்லை. வாட்டுக்கு ஃபயர்ஹோஸ் இருந்தது. சோனிக் யூத் 1988 கோடையில் 'டேட்ரீம் நேஷன்' ஆல்பத்தைப் பதிவு செய்தது, அதன்பின் அவர்களுக்கு ஓய்வே இல்லை. அந்த ஆல்பத்தை அவர்கள் பதிவு செய்யத் தேர்ந்தெடுத்தது, ராப் குழுவான பப்ளிக் எனிமியின் தட்டுகள் உருவான கிரீன் ஸ்ட்ரீட் கூடத்தையும், அங்கே ஹிப்-ஹாப் பதிவுகளில் பழகிய நிக் சன்சானோவையும்தான். ராக் பொறியாளர்கள் எத்தனையோ பேர் இருக்க இந்தத் தேர்வு ஏன் என்ற கேள்விக்கு 'தி ஒயிட்டி ஆல்பம்' ஓரளவு விடை தருகிறது. தாளத்தின் எடை எவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் அதில் தொட்டுப் பார்த்திருந்தார்கள். அடுத்ததாக 1990-இல் 'கூல் திங்' பாடலுக்குப் பப்ளிக் எனிமியின் சக் டி வந்து குரல் கொடுத்தார்.

கேட்கத் தொடங்குபவருக்கு என் ஆலோசனை இது. ஆல்பத்தை முதல் தடத்திலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். மௌனமும் துண்டுகளும் பொறுமையைச் சோதிக்கும். முதலில் 'பர்னிங் அப்', அடுத்து 'இன்டூ தி குரூவி', பிறகு 'அடிக்டட் டு லவ்'. இவை பிடித்துவிட்டால் 'மேக்கிங் தி நேச்சர் சீன்', 'மேக்பெத்', 'நீடில்-கன்' என்று விரிவாக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பின் 'டேட்ரீம் நேஷன்' ஆல்பத்தில் உள்ள 'பிராவிடென்ஸ்' என்ற சிறு தடத்தைக் கேளுங்கள். அதில் தர்ஸ்டன் மூரின் பியானோவுக்கு மேல் ஒலிப்பது, ரோட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரிலிருந்து மைக் வாட் தொலைபேசியில் விட்ட செய்தி; காணாமற்போன பொருட்களைப் பற்றி நண்பனைச் செல்லமாகக் கடிந்துகொள்கிறார். சிக்கோனி யூத்தின் நட்பு எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஆர்வம் இருந்தால் கிம் கோர்டன் தன் தனிப்பெயரில் கொண்டுவந்த 'நோ ஹோம் ரெக்கார்ட்' (2019), 'தி கலெக்டிவ்' (2024) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத் தாளம், கீறும் கிதார், அவசரமில்லாத பேச்சுக்குரல் என்று அந்த அடித்தளக் கூடத்தில் செய்து பார்த்ததையே, எழுபது வயதை ஒட்டி, இன்னும் கூர்மையாகச் செய்துகாட்டியிருக்கிறார்.